நாற்பது பேர் தூங்கும் அறை

பல்பு காலையில் போனது. போகும்போது சத்தம்கூடப் போடவில்லை. முட்டைகளைப் புரட்டுவதற்காகப் பெட்டியின் மூடியைத் தூக்கியபோது உள்ளே இருட்டாக இருந்தது, அவ்வளவுதான். அவள் பல்பைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். அறுந்த இழை கண்ணாடியில் உரசிக் கிணுகிணுத்தது.

தெருவில் அவளுக்குப் பெட்டியக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள். பழைய மரப்பெட்டி ஒன்றில் நான்கு துளை போட்டு, வைக்கோல் பரப்பி, ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு குண்டு பல்பும் வைத்துக் கோழிக்குஞ்சு பொரிக்க வைப்பது அவள் தொழில். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் வீட்டு முட்டைகளில் பென்சிலால் அடையாளம் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். குஞ்சாக வாங்கிப் போவார்கள். இந்த ஈட்டில் நாற்பது முட்டைகள். வாரக் கடைசியில் பொரிந்துவிடும். காதில் வைத்தால் உள்ளே ஒன்று திரும்பிப் படுப்பது கேட்கும்.

வீட்டு விளக்குகளை அவள் எப்போதோ மாற்றிவிட்டாள். புதிய விளக்குகள் நல்ல வெளிச்சம் தந்தன, மின்கட்டணம் பாதியானது, அவற்றின் மேல் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. பெட்டிக்கு மட்டும்தான் குண்டு பல்பு. வெளிச்சத்துக்காக இல்லை. முட்டைக்குள் இருப்பது எதையும் படிக்கப்போவதில்லை. சூட்டுக்காக.

"குண்டு பல்பா? அந்தப் பேச்சே எடுக்காதம்மா," என்றார் எலக்ட்ரிக் கடைக்காரர், வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு. "தடை போட்டு, வண்டி கொண்டுவந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க. கழிவறைல எரிஞ்சுட்டு இருந்ததைக்கூட விடல. உள்ள ஆள் இருக்குன்னு சொன்னேன். அவரையும் வெளிய வரச் சொல்லுங்கன்னாங்க."

"ஒண்ணே ஒண்ணுண்ணே. முட்டைக்கு."

"ஒளிச் சிக்கன இயக்ககத்துல போய்க் கேளு. விலக்கு தர்றாங்களாம். வாங்கினவங்க யாரையும் நான் பார்த்ததில்ல. ஆனா தர்றாங்களாம்."

அவள் வீட்டுக்கு ஓடி, பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி முட்டைகளுக்கு நடுவே வைத்தாள். புருஷன் லாரியோடு போயிருந்தான். போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். வீட்டில் நாத்தனார் மட்டும் இருந்தாள். புருஷனின் தங்கை, வாயாடி.

"ஆறினா மாத்து. கொதிக்கக் கொதிக்க ஊத்திடாத," என்றாள் பெட்டியக்கா.

"அவிச்சு வைக்கிறதுன்னா எனக்கு வரும் அண்ணி. அவியாம வைக்கிறதுதான் பழக்கமில்ல. போயிட்டு வா."

ஒளிச் சிக்கன இயக்ககத்துக்கு ஏழு மாடி. புதிய விளக்குகளின் ஒளி நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லா ஜன்னல்களிலும் கறுப்புத் தாள் ஒட்டி, பகலிலும் விளக்குப் போட்டிருந்தார்கள். விளக்குகள் சூடாகாமல் இருக்க ஏசி ஓடியது. ஊழியர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கூடத்தின் நடுவே ஒரு கண்ணாடிப் பேழை. அதற்குள் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கீழே பித்தளைப் பலகையில் பெரிய எழுத்தில் பொறித்திருந்தார்கள்: "வீணாய்ப் போனது இதுதான்." அது எவ்வளவு வீண் என்பதை மக்கள் எந்த நேரத்தில் வந்தாலும் பார்க்க வேண்டும் என்று அதை இரவும் பகலும் அணைப்பதில்லை. பேழையின் மேல் எழுத்தரின் சாப்பாட்டு டப்பா இருந்தது.

பெட்டியக்கா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அதே சூடு. கூடவும் இல்லை, குறைவும் இல்லை. கையை எடுக்க மனசே வரவில்லை.

"தொடாதம்மா," என்றார் எழுத்தர்.

"சார், ஒரு நாலு நாளைக்கு இதுக்குள்ள ஓரமா முட்டையை வச்சுக்கட்டுமா? யாருக்கும் தொந்தரவு இருக்காது."

"இது காட்சிப்பொருள். இதுல இருந்து ஒரு பயனும் வரக்கூடாது. பயன் வந்துட்டா அப்புறம் எப்படி வீணாகும்?" அவர் எழுந்து வந்து, டப்பாவைத் திருப்பி வைத்தார். மறுபக்கமும் சூடேற வேண்டுமே.

பிறகு தன் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அவளை விசாரிக்கத் தொடங்கினார்.

"விளக்கு எந்த அறைக்கு?"

"அறை இல்ல சார். பெட்டி."

"பெட்டின்னு இதுல இல்லையே. கூடம், சமையலறை, படுக்கையறை, குளியலறை. நாலுல ஒண்ணு சொல்லுங்க."

"முட்டைப் பெட்டி சார்."

"உள்ள என்ன பண்ணுவாங்க? சமைப்பாங்களா?"

"ஐயையோ, இல்ல சார்."

"குளிப்பாங்களா?"

"இல்ல. சும்மா படுத்திருக்கும்."

"படுக்கையறை." ஒரு விசையைத் தட்டினார். "எத்தனை நபர்?"

"நபர் இல்ல சார். நாப்பது முட்டை."

"உயிர் இருக்கா?"

"இருக்கு. இப்போதைக்கு."

"அப்போ நபர்தான். ஜன்னல்?"

"நாலு ஓட்டை போட்டிருக்கேன்."

"ஜன்னல் இல்லை." கடைசி விசையைத் தட்டிவிட்டு அவர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு அறையில நாப்பது பேர். எப்படிம்மா இருக்கீங்க?"

பெட்டியக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பழகிடுச்சு சார்," என்றாள்.

இரண்டாம் மாடியில் நுகர்வோர் விருப்புரிமைப் பிரிவு. விலக்கு கேட்பவர்கள் முதலில் அங்கே போய், தங்களுக்கு விருப்புரிமை இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகாரி அம்மாள் சால்வை போர்த்தியிருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க விளக்குகள் எரிந்தன. எல்லாம் வெள்ளை.

"நாங்க விளக்கைத் திணிக்கிறோம்னு வெளிய பேசிக்கிறாங்க," என்றார் அவர். "நீங்களே பாருங்க. நாலு பக்கமும் விளக்கு. எதை வேணா எடுத்துக்கலாம். எதையும் எடுக்காம மட்டும் போக முடியாது."

பெட்டியக்கா விளக்கு விளக்காகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசிவரை போய்த் திரும்பினாள்.

"ஒண்ணுலயும் சூடே இல்லையே மேடம்."

"அதுதாம்மா எங்க சாதனை. பழைய பல்புல நூறு பங்கு கரண்ட் போச்சுன்னா தொண்ணூத்தஞ்சு பங்கு வெறும் சூடாப் போயிடும். தெரியுமா?"

"அந்தத் தொண்ணூத்தஞ்சுதான் மேடம் எனக்கு வேணும்."

மண்ணைத் தின்னும் குழந்தையைப் பார்ப்பதுபோல் அதிகாரி அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்படாமல் இருக்கப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"வீணாப் போறதை விரும்பறதுக்குப் பேரு விருப்பம் இல்லம்மா. நல்லதை விரும்பறதுதான் விருப்பம். எது நல்லதுன்னு யோசிக்கிற கஷ்டத்தை நாங்க எடுத்துக்கிட்டோம். விரும்பற வேலை மட்டும் உங்களுக்கு விட்டு வச்சிருக்கோம். அதையும் செய்ய மாட்டேன்னா எப்படி?"

"முட்டை குளிர்ந்து போகுது மேடம்."

"சூடுதான் வேணும்னா சூடேற்றி எடுத்துக்குங்க. அஞ்சு நட்சத்திரம் வாங்கினது." மூலையில் பீரோ உயரத்துக்கு ஒன்று நின்றிருந்தது. முப்பது குண்டு பல்புக்கு ஆகும் மின்சாரத்தை அது ஒற்றை ஆளாகக் குடிக்கும் என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருந்தது.

"இது பெட்டியை விடப் பெரிசா இருக்கே. முட்டை வெந்துடும்."

"வெந்தாலும் சிக்கனமா வேகும்."

கடைசியில் அவள் கைக்குக் கிடைத்த சின்ன விளக்கு ஒன்றை எடுத்தாள். "சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தேன்" என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். முதல் படத்தில் முகம் சரியில்லை என்று இன்னொன்று எடுத்தார்கள். விலக்கைப் பற்றிக் கேட்டபோது, வீட்டுக்கு ஆய்வாளர் வருவார் என்றார்கள்.

ஆய்வாளர் மறுநாளே வந்துவிட்டார். அந்த வேகத்தைப் பார்த்துப் பெட்டியக்காவுக்கு நம்பிக்கை வந்தது. முட்டைகளும் தாக்குப்பிடித்திருந்தன. நாத்தனாரும் அவளும் மாற்றி மாற்றி வெந்நீர் பாட்டில் வைத்திருந்தார்கள். சில முட்டைகளில் உள்ளிருந்து தட்டும் சத்தம் தொடங்கிவிட்டது.

ஆய்வாளர் பெட்டிக்குள் குனிந்து முட்டைகளைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த கருவியின் திரையைப் பார்த்தார். திரையில் "நபர்கள் 40" என்று இருந்தது. மறுபடியும் முட்டைகளைப் பார்த்தார். ஒரு மனிதனால் இரண்டில் ஒன்றைத்தான் நம்ப முடியும். சம்பளம் எதிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

"தலைக்கு எவ்வளவு வெளிச்சம் விழுதுன்னு பார்க்கணும்," என்று அவள் தேர்ந்தெடுத்து வந்த விளக்கை மாட்டி அளந்தார். "தாராளமா இருக்கு. எல்லாரும் படிக்கலாம். என்ன குறை உங்களுக்கு?"

"சூடு இல்ல சார்."

"சூடு எங்க துறை இல்ல."

"குளிர்ல செத்துட்டா எந்தத் துறை?" என்றாள் நாத்தனார்.

"சுகாதாரம்."

"செத்தப்புறம் சுகாதாரமா இருந்து என்ன பண்ண?"

ஆய்வாளர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. "நெரிசல் அதிகம்," என்று மட்டும் குறித்துக்கொண்டார்.

"குடும்பம் பெரிசு சார். எல்லாரும் இன்னும் வெளிய வரல," என்றாள் நாத்தனார். பெட்டியக்கா அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

விலக்கு தருவதற்கு முன்னால், விலக்கு இல்லாமல் அந்தப் படுக்கையறையில் எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்று அளக்க வேண்டுமாம். அதற்கு அடிப்படை அளவீடு என்று பெயர். ஆய்வாளர் விளக்கைக் கழற்றினார். வெந்நீர் பாட்டில்கள் வெளிச் சக்தி என்பதால் அவற்றை எடுத்து வெளியே வைத்தார். வெளிச்சம் கசிகிறது என்று நான்கு துளைகளுக்கும் நாடா ஒட்டினார். மூடியைச் சாத்தி, கம்பி கோத்து, ஈய முத்திரை வைத்து இடுக்கியால் நசுக்கினார். பெட்டிமேல் ஒரு மீட்டரைப் பொருத்தினார். அது பூஜ்யம் காட்டியது.

"சார், அதைப் புரட்டிப் போடணும். தண்ணி வைக்கணும். மூச்சு விடணும்."

"அளவீடு முடிஞ்சதும் பண்ணிக்கலாம்."

"எப்ப முடியும்?"

"மேலிடத்துல சொல்வாங்க. நடுவுல முத்திரை உடைஞ்சா தெரு முழுக்க இணைப்பைத் துண்டிச்சிடுவோம். நான் சொல்லலம்மா, சட்டம். நானே பத்துக் கோழி வளர்க்கிறவன்தான்." போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "நாட்டுக்கோழியா?"

அவர் போனதும் இரண்டு பேரும் இருந்த போர்வையை எல்லாம் எடுத்துப் பெட்டியைச் சுற்றினார்கள். சுற்றிலும் வெந்நீர் பாட்டில்களை அணைத்து வைத்தார்கள். செய்தி தெரிந்து தெருப் பெண்கள் தூக்குப் பாத்திரத்தில் வெந்நீரோடு வந்தார்கள். பலகை கனமான பலகை. சூடு வெளியிலேயே நின்றுவிட்டது. பெட்டியக்கா பெட்டிமேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். உள்ளே தட்டும் சத்தம் கேட்டது.

"உடைச்சிடலாம் அண்ணி," என்றாள் நாத்தனார்.

"தெரு முழுக்க இருட்டாயிடும்டி. எதிர்வீட்டுல மூச்சு மெஷின் ஓடுது."

எதிர்வீட்டுக்காரியும் அங்கேதான் நின்றிருந்தாள். அவள் மாமனாருக்குத்தான் அந்த மெஷின். அவள் தன் பாட்டிலைத் துணியால் இன்னும் இறுக்கிச் சுற்றினாள்.

சாயங்காலம் உள்ளே ஒரு குஞ்சு கீச்சிட்டது. எல்லோரும் பெட்டியருகே குனிந்தார்கள்.

"என் முட்டைதான்," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "என் கோழிக்குத்தான் அந்த வாய்."

அது விடாமல் கத்தியது. கூப்பிட்டது என்று சொல்ல வேண்டும். பெட்டியக்கா நாடா ஒட்டிய துளையில் வாயை வைத்து "இங்கதான்டா, இங்கதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் தட்டும் சத்தமும் இல்லை, கத்தும் சத்தமும் இல்லை. பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மீட்டர் பூஜ்யத்திலேயே இருந்தது. பத்து நாள் கழித்து இயக்ககத்திலிருந்து போன் வந்தது.

"வாழ்த்துகள்மா. நாப்பது பேர் இருக்கிற படுக்கையறைல ஒரு யூனிட் கூட ஆகல. இந்த வருஷத்தோட சிக்கனக் குடும்பம் நீங்கதான்."

"எல்லாம் செத்துப் போச்சு சார்."

"அந்த விவரம் தனியா அனுப்புங்க, சேர்த்துக்கலாம். விழா அடுத்த மாசம். குடும்பத்தோட வரணும். முக்கியமா முத்திரையைத் தொடாதீங்க. இயக்குநர் மேடைல அவர் கையாலயே உடைப்பாரு."

"பெட்டி இப்பவே ஒரு மாதிரி..."

"அப்ப குடும்பத்தோட வர்றீங்கன்னு போட்டுக்கறேன்."

பெட்டியைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினார்கள். நாடா ஒட்டியிருந்தும் வாடை கசிந்தது. வெயில் நாட்களில் உள்ளிருந்து டப்பென்று சத்தம் கேட்டது. "யாரோ எழுந்துட்டாங்க," என்று சொல்லிவிட்டு நாத்தனார் சிரிக்காமல் உள்ளே போய்விடுவாள்.

விழா அன்று பெட்டியை நாத்தனார் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் தூக்கிக்கொண்டு போனார்கள். பழைய துண்டு ஒன்றைப் போட்டு மூடியிருந்தார்கள். இயக்ககத்தின் விழா அரங்கத்தில் மேடைக்கு எதிரே முதல் நான்கு வரிசைகளில் "சிக்கனக் குடும்பம்" என்று எழுதி நாற்பது நாற்காலிகள் காலியாக விட்டிருந்தார்கள். அதிகாரிகளும் அவர்கள் வீட்டாரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கதவுகளை ஏசிக்காக இறுகச் சாத்தியிருந்தார்கள்.

இயக்குநர் பேசினார். அவருக்குக் குரல் நன்றாக இருந்தது.

"நண்பர்களே, நாம் மக்களிடம் கேட்டது என்ன? கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றோம். பலர் முணுமுணுத்தார்கள். பலர் பாதியாகக் குறைத்தார்கள். இந்தக் குடும்பம் முழுவதையும் குறைத்துக்கொண்டது. நாற்பது பேர், ஒரே அறை, ஒரு புகார் இல்லை. வெளிச்சம் கேட்கவில்லை. காற்று கேட்கவில்லை. இப்படிப்பட்ட நுகர்வோரைத்தான் இந்த இயக்ககம் இத்தனை ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தது. இவர்களைப்போல் எல்லா வீடுகளும் ஆகிவிடும் நாள் தூரத்தில் இல்லை."

கைதட்டல் எழுந்தது. அவர் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டுக் குனிந்து பெட்டியக்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "எங்கம்மா எல்லாரும்?"

"உள்ளதான் சார் இருக்காங்க."

"இவ்வளவு அடக்கமா," என்றார் இயக்குநர், ஒலிவாங்கியில்.

தட்டில் வைத்துக் கத்தரிக்கோல் நீட்டினார்கள். அவர் கம்பியை வெட்டி, புகைப்படக்காரருக்கு ஏற்றபடி சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்கு மேலே இருந்த முகம் மட்டும் மாறியது. நாற்றம் முதலில் அவரை வந்து தொட்டு, பிறகு மேடையில் இருந்தவர்களை வரிசைப்படி தொட்டு, படியிறங்கி, காலி நாற்காலிகளைக் கடந்து பின்வரிசைகளுக்குப் போனது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. இயக்குநர் பொத்தவில்லையே. விருப்புரிமை அதிகாரி சால்வையின் நுனியை மூக்குக்குப் பாதி தூரம் கொண்டுபோய், அவரைப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார்.

"இது," என்றார் இயக்குநர். கண்ணில் நீர் நின்றது. "இது ஒரு புதிய காற்று."

கைதட்டினார்கள். கைதட்டும்போது மூச்சை இழுக்க வேண்டியிருந்தது. பின்வரிசையில் யாரோ குமட்டினார்கள்.

அரங்கத்து விளக்குகளில் சூடு இல்லை என்பது உண்மைதான். ஆனால் புகைப்படக்காரரின் விளக்கு பழைய வகை. படம் நன்றாக வர வேண்டும் என்று அதற்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தார்கள். அவர் அதைப் பெட்டிக்கு நேரே பிடித்திருந்தார். ஒரு முட்டை வெடித்தது. அதன் பக்கத்தில் இருந்ததும் வெடித்தது. இயக்குநரின் வெள்ளைச் சட்டையில் பச்சையும் கறுப்புமாக ஏதோ வழிந்தது. அதில் ஒரு சின்னச் சிறகு ஒட்டியிருந்தது. அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார்.

அதன்பின் எல்லோரும் பொத்தினார்கள். பொத்திக்கொண்டு ஓடினார்கள். இயக்குநர் முதலில், பிறகு பதவி வாரியாக.

காலி அரங்கத்தில் நாத்தனாரும் பெட்டியக்காவும் நின்றார்கள்.

"பரிசு என்னன்னு சொல்லவே இல்லையே அண்ணி."

"தூக்கு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்கள். ஒருவரும் இல்லை. நடுவே பேழைக்குள் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே டப்பா சூடாக இருந்தது. பெட்டியக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். டப்பாவை எடுத்து எழுத்தரின் மேசையில் வைத்தாள். கண்ணாடியைத் தூக்கி, துண்டால் பிடித்துப் பல்பைக் கழற்றினாள். கூடத்தில் பழக்கமில்லாத ஒரு மங்கல் விழுந்தது.

வெடிக்காமல் மிச்சம் இருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேழைக்குள் அடுக்கினாள். அவசரப்படவில்லை. பென்சில் அடையாளங்கள் வெளியே தெரியும்படி அடுக்கினாள். ஓடு உடைத்துப் பாதி வெளியே வந்திருந்த ஒன்றை, எதிர்வீட்டுக்காரியினுடையதை, முன்னால் வைத்தாள். கண்ணாடியை மூடினாள். "வீணாய்ப் போனது இதுதான்" என்ற பலகை சற்றுச் சாய்ந்திருந்தது. அதை நேராக்கினாள்.

வாசலில் எழுத்தர் தூணைப் பிடித்துக்கொண்டு காறித் துப்பிக்கொண்டிருந்தார். வெறும் பெட்டியைப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, குடும்பம் எங்க?"

"உள்ள விட்டுட்டு வந்திருக்கேன் சார். உங்க சாப்பாடு ஆறிடும், எடுத்துச் சாப்பிடுங்க."

அவள் படியிறங்கினாள். துண்டுக்குள் பல்பு இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.